எய்தவர் யார்? ஒரு தளபதியின் போர்க்குற்றம் எப்படி நிரூபிக்கப்பட்டது

1995 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. செர்பியாவின் பெல்கிரேடு நகரில் ஒரு கல்யாணம். வந்திருந்தவர்களில், போஸ்னியப் போரில் அந்நாட்டு அரசை எதிர்த்துப் போரிட்ட போஸ்னிய செர்பியப் படையின் தலைமைத் தளபதி ராட்கோ ம்லாடிச்சும் ஒருவர். அதே நாளில், ட்ரினா ஆற்றுக்கு அந்தப் பக்கம், போஸ்னியாவின் பிலிட்சா கிராமத்தை ஒட்டிய பிரான்யேவோ பண்ணைக்குப் பேருந்து மாற்றிப் பேருந்து வந்துகொண்டிருந்தது. ம்லாடிச்சின் படை ஐந்து நாட்களுக்கு முன் கைப்பற்றிய ஸ்ரெப்ரெனிட்சா நகரிலிருந்து பிடிபட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களைப் பத்துப் பத்துப் பேராக இறக்கி, வயல்வெளிக்கு நடத்திச் சென்று, முதுகில் சுட்டார்கள். காலையில் தொடங்கியது பிற்பகல் வரை நீண்டது. சுட்டவர்களில் ஒருவரான ட்ராஜென் எர்டெமோவிச் பிறகு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு, ஏறத்தாழ 1,200 பேர்.

கல்யாண வீட்டில் இருந்தவருக்கும் அந்த வயல்வெளிக்கும் என்ன தொடர்பு? முன்னாள் யூகோஸ்லாவியாவில் நடந்த போர்க்குற்றங்களை விசாரிக்க ஹேக் நகரில் அமைந்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் ம்லாடிச்சின் வழக்கறிஞர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஜூலை 14 முதல் அவர் பெல்கிரேடில் இருந்தார், 15ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதர் கார்ல் பில்ட்டுடன் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருந்தார், ஆளே ஊரில் இல்லை, கீழே இருந்த சில பாதுகாப்பு அதிகாரிகள் அவருக்குத் தெரியாமல் செய்த வேலை இது என்றார்கள்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நீதிமன்றத்திலோ நிலைமை தலைகீழ். அம்பைக் காட்டிவிடலாம். உடலில் தைத்த இடத்தையும் காட்டிவிடலாம். எய்தவரைக் காட்டுவதில்தான் வழக்குகள் உடைந்துபோகின்றன. ஒரு தளபதி துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டார். "கொல்லுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அநேகமாகக் கிடைக்காது. அப்படியிருந்தும் 2017 நவம்பர் 22 அன்று மூன்று நீதிபதிகள் ம்லாடிச்சுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அந்தத் தூரத்தை அவர்கள் எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம். ஒரு படைத் தலைவரைக் கூண்டில் நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கட்டளைப் பொறுப்பு. இது செய்ததற்கான குற்றச்சாட்டு அல்ல, செய்யாமல் விட்டதற்கானது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜப்பானியத் தளபதி தொமொயுகி யமாஷிதா மணிலாவில் அமெரிக்க ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டார். 1942இல் சிங்கப்பூரைப் பிடித்தவர் அவர்தான். 1945 தொடக்கத்தில் மணிலா நகரில் ஜப்பானியப் படைகள் ஏராளமான பொதுமக்களைக் கொன்றபோது அவர் வடக்கே மலைப்பகுதியில் இருந்தார், தொடர்புகள் அறுந்திருந்தன, நகரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கடற்படையினர். அவர் உத்தரவிட்டார் என்பதற்கு உறுதியான சான்று காட்டப்படவில்லை. படைகளை அடக்கத் தவறினார் என்ற ஒன்றே போதும் என்று தூக்கு தீர்ப்பானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. இரண்டு நீதிபதிகள் மட்டும் கடுமையாக மாறுபட்டு எழுதினார்கள். 1946 பிப்ரவரி 23 அன்று யமாஷிதா தூக்கிலிடப்பட்டார்.

மணிலாவில் மாண்டவர்களுக்கு நீதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்று படிக்கும்போதும் உறுத்துகிறது. ஒருவருக்கு என்ன தெரியும் என்று கேட்காமலே அவரைத் தூக்கிலிட முடியும் என்றால், அது வென்றவர்கள் கையில் எளிதாகச் சுழலும் வாள். அந்த உறுத்தலில் இருந்துதான் பின்னாளில் சட்டம் இறுகியது. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறையும், 1990களில் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் தந்த தீர்ப்புகளும் மூன்று கேள்விகளை முன்வைத்தன. குற்றம் செய்தவர்கள் உண்மையிலேயே அவர் கட்டுப்பாட்டில் இருந்தார்களா? நடந்தது, அல்லது நடக்கப்போவது, அவருக்குத் தெரியுமா, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்ததா? தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் இயன்றதைச் செய்தாரா? மூன்றும் நிரூபணமானால்தான் அந்தப் பொறுப்பு ஒட்டும். தோளில் இருக்கும் நட்சத்திரங்கள் மட்டும் போதாது.

இரண்டாவது வழி, குற்றத்தில் அவரையும் ஒரு பங்காளியாகக் காட்டுவது. இதற்குத் தீர்ப்பாயம் பயன்படுத்திய கோட்பாடு, கூட்டுக் குற்றத் திட்டம். இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 34ஆம், 149ஆம் பிரிவுகளை நீதிமன்றச் செய்திகளில் படித்துப் பழகியவர்களுக்கு இதன் உறவுமுறை புரியும். பலர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்யும்போது வெட்டியவர் ஒருவராக இருந்தாலும் பொறுப்பு எல்லோருக்கும். இதில் தளபதி "தடுக்கத் தவறியவர்" ஆக இல்லாமல், திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் ஆகிறார். ம்லாடிச் இறுதியில் தண்டிக்கப்பட்டது இந்த இரண்டாவது வழியில்தான். நீதிபதிகள் அப்படி நான்கு திட்டங்களைக் கண்டார்கள். போஸ்னியாவின் பெரும்பகுதியிலிருந்து முஸ்லிம்களையும் குரோவேசியர்களையும் நிரந்தரமாக அகற்றுவது ஒன்று. சரயேவோ நகர மக்களைக் குண்டுவீச்சாலும் மறைந்து சுடுவதாலும் அச்சத்தில் வைத்திருப்பது இன்னொன்று. ஸ்ரெப்ரெனிட்சாவின் முஸ்லிம்களை ஒழிப்பது மூன்றாவது. 1995 மே, ஜூன் மாதங்களில் ஐ.நா. அமைதிப்படையினரைப் பிணையாகப் பிடித்தது நான்காவது.

சரி, பங்காளி என்று சொல்லிவிட்டால் போதுமா? இங்கேதான் வழக்கு சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி டீசல் ரசீதுக்கு வருகிறது.

நாலைந்து நாட்களில் ஏறத்தாழ 8,000 பேரைக் கொன்று புதைப்பது வெறியில் நடக்கிற காரியம் அல்ல. அதற்குப் பேருந்துகள் வேண்டும். ஆட்களை அடைத்துவைக்கப் பள்ளிக்கூடங்களும் கிடங்குகளும் வேண்டும், காவலுக்கு ஆட்கள் வேண்டும். குழி தோண்ட எந்திரங்களும், அவற்றை ஓட்ட எரிபொருளும் வேண்டும். போஸ்னிய செர்பியப் படை பழைய யூகோஸ்லாவிய ராணுவத்தின் மரபில் வந்த ஒழுங்கான படை. ஒழுங்கான படை கணக்கு எழுதும். எந்த வண்டி எங்கே போனது, எத்தனை லிட்டர் குடித்தது, யார் கேட்டார், யார் கொடுத்தார் என்பதெல்லாம் பதிவாகும். குற்றம் பெரிதாகப் பெரிதாக அது விட்டுச்செல்லும் காகிதமும் பெருகுகிறது. ம்லாடிச் வழக்கை மட்டுமல்ல, ஸ்ரெப்ரெனிட்சா குறித்த எல்லா வழக்குகளையும் தாங்கி நிற்கும் தூண் இதுதான் என்பது என் எண்ணம். கொல்லச் சொன்ன தாள் இல்லாமல் போகலாம். கொன்று முடிக்கத் தேவைப்பட்ட தாள்களை முழுக்க அழிக்க முடியவில்லை.

பிரான்யேவோவில் கொலை நடந்த அதே ஜூலை 16 பகலில், போஸ்னிய அரசுப் படையின் ஒட்டுக்கேட்பாளர்கள் மலை உச்சியிலிருந்து ஒரு வானொலி உரையாடலைப் பிடித்துக் கையால் நோட்டில் எழுதினார்கள். போபோவிச் என்ற பாதுகாப்பு அதிகாரிக்கு 500 லிட்டர் டீசல் உடனே வேண்டும், இல்லையென்றால் அவர் பார்க்கும் வேலை நின்றுவிடும் என்பது அதன் சாரம். எதிரிப் படை ஆட்கள் எழுதிய நோட்டு, இட்டுக்கட்டியிருக்கலாம் என்று வாதிட இடமிருந்தது. ஆனால் புலனாய்வாளர்கள் ஸ்வோர்னிக் நகரில் இருந்த செர்பியப் படைப்பிரிவின் சொந்த ஆவணங்களைக் கைப்பற்றியபோது, அதே நாளில் அதே அதிகாரிக்கு 500 லிட்டர் டீசல் வழங்கிய சீட்டு அதற்குள் இருந்தது. ஒருவருக்கொருவர் எதிரிகளான இரண்டு தரப்புகள், ஒன்றையொன்று அறியாமல் எழுதிய இரண்டு தாள்கள். அந்தப் பொருத்தத்துக்கு முன் இட்டுக்கட்டல் வாதம் நிற்கவில்லை. மறுநாள் ஜூலை 17இல் அந்தப் படைப்பிரிவின் பொறியியல் பிரிவு, பிரான்யேவோவில் பள்ளம் தோண்டுவதற்கு எந்திரம் அனுப்பிய பதிவும் கிடைத்தது. பள்ளம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

பிறகு மண் பேசியது. 1995 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், போஸ்னியாவில் அமைதி வந்துவிடும், அந்நியர்கள் வந்து தோண்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும், புதைத்த உடல்களை மறுபடி எந்திரங்களால் வாரி எடுத்து, லாரிகளில் ஏற்றி, ஒதுக்குப்புறமான இடங்களில் வேறு குழிகளில் கொட்டினார்கள். வாரும்போது உடல்கள் பிய்ந்தன. ஒரே மனிதரின் எலும்புகள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும் வெவ்வேறு குழிகளுக்குப் போயின. மறைப்பதற்காகச் செய்த இந்த வேலையே சான்றாக மாறியது. அமெரிக்க விமானங்கள் எடுத்த படங்களில் எந்த நாள் வரை நிலம் புல்வெளியாக இருந்தது, எந்த நாள் கிளறப்பட்டது என்பது தெரிந்தது. தடயவியல் ஆட்கள் குழிகளின் மண்ணையும் மகரந்தத்தையும் தோட்டா உறைகளையும் ஒப்பிட்டார்கள். கோஸ்லுக் என்ற ஊரில் சுட்டுக் கொன்ற இடம், ஒரு பாட்டில் தொழிற்சாலை உடைந்த கண்ணாடிகளைக் கொட்டும் மேட்டை ஒட்டியது. அந்தப் பச்சைக் கண்ணாடிச் சில்லுகள் பல கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டாம் குழியில் எலும்புகளோடு கலந்து கிடந்தன. கைகளைக் கட்டிய கம்பியும் கண்களைக் கட்டிய துணியும் இருந்தன. சண்டையில் இறந்தவர்கள் என்ற வாதத்துக்கு அந்தத் துணிதான் பதில். கண்களைக் கட்டிக்கொண்டு யாரும் சண்டை போடுவதில்லை.

இந்த மறுபுதைப்புக்கும் டீசல் தேவைப்பட்டது. செப்டம்பர் 14 தேதியிட்டு, "பொறியியல் பணிகளுக்காக" 5 டன் டீசல் விடுவிக்கும் உத்தரவு ஒன்று இருக்கிறது. அதைப் பிறப்பித்தது கீழ்நிலைப் படைப்பிரிவு அல்ல, பிரதானத் தலைமையகம். ம்லாடிச் தலைவராக இருந்த தலைமையகம். கீழே உள்ள சிலர் ரகசியமாகச் செய்தது என்ற கதை இங்கே ஆட்டம் காண்கிறது. ரகசியம் யாரிடமிருந்து மறைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதோ, அவருடைய அலுவலகத்திலிருந்தே எரிபொருள் வந்திருக்கிறது.

அவரது சொந்த வாயும் அவருக்கு எதிராக நின்றது. ஜூலை 11இல் ஸ்ரெப்ரெனிட்சா விழுந்தபோது அவர் கேமராவைப் பார்த்துப் பேசினார். இந்த நகரைச் செர்பிய மக்களுக்குப் பரிசாகத் தருகிறோம், "துருக்கியர்களை" பழிவாங்கும் நேரம் வந்துவிட்டது என்றார். துருக்கியர் என்று அவர் சொன்னது அங்கே காலங்காலமாக வாழ்ந்த போஸ்னிய முஸ்லிம்களை. அன்றிரவு பக்கத்து ஊரான ப்ராத்துனாட்ஸின் ஃபோன்டானா ஹோட்டலில், ஐ.நா.வின் டச்சுப் படை அதிகாரிகளோடும், அகதிகளின் சார்பில் அழைத்து வரப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியரோடும் கூட்டம் நடத்தினார். அங்கே அவர் வைத்த தேர்வு, பிழைத்திருப்பதா மறைந்துபோவதா என்பது. மறுநாள், அகதிகள் திரண்டிருந்த பக்கத்துக் கிராமமான போட்டோச்சாரியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பதையும் படம் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் ஏற்றப்பட்டு அனுப்பப்பட்டார்கள், ஆண்கள் தனியாகப் பிரிக்கப்பட்டார்கள். 13ஆம் தேதி பிடிபட்டவர்கள் அடைக்கப்பட்ட இடங்களுக்கு அவரே போய், உங்களைக் கைதிகள் பரிமாற்றத்தில் விடுவிப்போம் என்று பேசியதைத் தப்பிப் பிழைத்தவர்கள் சாட்சியாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாட்களை இப்படி அடுக்கிப் பார்த்தால், 16ஆம் தேதி அவர் எங்கே இருந்தார் என்பதன் எடை குறைந்துவிடுகிறது. பெல்கிரேடில் இருந்தபோதும் தலைமையகத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது, கட்டளை அவர் கையில்தான் இருந்தது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

சரயேவோவில் சான்று வேறு விதம். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் அந்த நகரம் முற்றுகையில் கிடந்தது. 1992 மே மாத இறுதியில் ஒட்டுக்கேட்ட ஒரு உரையாடலில், வெலெஷிச்சியையும் போஃபாலிச்சியையும் சுடுங்கள், அங்கே செர்பியர்கள் அதிகம் இல்லை என்று ம்லாடிச் தன் பீரங்கி அதிகாரியிடம் சொல்வது பதிவாகியிருக்கிறது. இரண்டும் மக்கள் குடியிருக்கும் பகுதிகள். ராணுவ இலக்கின் பெயர் அதில் ஒன்றும் இல்லை. ஒரு பகுதியைச் சுடக் காரணமாக அவர் சொன்னது, அங்கே யார் வாழ்கிறார்கள் என்பது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்நிறுத்தம் தேவைப்பட்ட நேரங்களில் சுற்றியிருந்த மலைகளின் பீரங்கிகள் ஓய்ந்தன. நிறுத்தச் சொன்னால் நிற்கிற பீரங்கி, கட்டுப்பாட்டில் இருக்கிற பீரங்கி. படைக்கட்டுப்பாடு இருந்தது என்பதற்கு நல்ல சான்று சில சமயம் வெடிச்சத்தத்தில் இல்லை, அது நின்ற மணி நேரத்தில் இருக்கிறது.

தெரியாது என்ற வாதத்தை உடைத்ததில் ஓர் இடம் எனக்கு மறப்பதே இல்லை. 1992 மே 12, பான்யா லூக்கா நகரில் போஸ்னிய செர்பிய சட்டமன்றம் கூடியது. போஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவர் ரதோவான் கராஜிச் அங்கே ஆறு நோக்கங்களை அறிவித்தார், முதல் நோக்கம் மற்ற இனங்களிடமிருந்து பிரிவது. அன்றுதான் ம்லாடிச் படைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அந்தக் கூட்டத்தில் அவரே எழுந்து, மனிதர்கள் சட்டைப்பையில் போட்டு இங்கிருந்து அங்கே மாற்றிவைக்கும் சாவிகள் அல்ல, செர்பியர்கள் மட்டும் மிஞ்சும்படி சலித்தெடுக்க நம்மிடம் சல்லடை இல்லை, உலகத்துக்கு இதை எப்படி விளக்குவீர்கள், இது இனப்படுகொலையாகிவிடும் என்ற பொருளில் பேசியது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அவர் வழக்கறிஞர்கள் இதை அவருக்குச் சாதகமாகக் காட்டினார்கள். எனக்கு அது எதிராகவே படுகிறது. என்ன பெயர் கொண்ட குற்றம் வாசலில் நிற்கிறது என்று முதல் நாளே தெரிந்தவர், தெரிந்தே அந்தப் பதவியை ஏற்று, மூன்றரை ஆண்டுகள் போரை நடத்தினார்.

இத்தனை சான்றும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. தீர்ப்பாயத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 1993 மே 25இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே அமைத்தது. 1995 ஜூலை 25இல் முதல் குற்றப்பத்திரிகை, நவம்பரில் ஸ்ரெப்ரெனிட்சாவுக்காக இரண்டாவது. ஆனால் தீர்ப்பாயத்துக்குப் போலீஸ் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கும் நாடு பிடித்துத் தந்தால்தான் உண்டு. ம்லாடிச் 16 ஆண்டுகள் பிடிபடவில்லை, அதில் சில ஆண்டுகள் ராணுவ முகாம்களின் பாதுகாப்பிலேயே இருந்தார். 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம், அவரை ஒப்படைக்காததால் செர்பியாவுடன் நடந்த பேச்சை நிறுத்தியது. 2007இல், நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம், இனப்படுகொலையைத் தடுக்கவில்லை, ம்லாடிச்சை ஒப்படைக்கவும் இல்லை என்று செர்பிய அரசையே குறைகூறியது. 2011 மே 26 அன்று லாஸரெவோ கிராமத்தில் உறவினர் வீட்டில் அவர் பிடிபட்டபோது, அதற்குப் பின்னால் நீதியின் தாகத்தைவிட ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் கணக்கே பெரிதாக இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

தாமதம் ஒரு நல்லதும் செய்தது. 2010 பிப்ரவரியில் பெல்கிரேடில் அவர் குடும்ப வீட்டில் சோதனை நடத்தியபோது, மறைவான இடத்திலிருந்து 18 நோட்டுகள் கிடைத்தன. போர்க்காலக் கூட்டங்களை அவரே கைப்பட எழுதிய ஏறத்தாழ 3,500 பக்கங்கள். யார் வந்தார், யார் என்ன சொன்னார் என்று தேதி போட்டு எழுதும் அதிகாரியின் பழக்கம்.

விசாரணை 2012 மே 16இல் தொடங்கியது. 530 நாட்கள் அமர்வு, 590க்கும் மேற்பட்டோரின் சாட்சியம், கிட்டத்தட்ட 10,000 ஆவணங்கள். இவ்வளவு பெரிய வழக்கிலும் வெட்டு விழுந்தது. அதே தீர்ப்பாயத்தில் விசாரிக்கப்பட்ட செர்பியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் 2006இல் தீர்ப்புக்கு முன்பே சிறையில் இறந்தது எல்லோர் மனத்திலும் இருந்தது. அது மறுபடி நடக்கக் கூடாது என்று, வழக்குத் தொடுநர்கள் 196 குற்றச் சம்பவங்களை 106ஆகக் குறைத்தார்கள். சட்ட ரீதியாக அது புத்திசாலித்தனம். விடுபட்ட 90இல் ஒன்று தன் கிராமமாக இருந்த ஒரு தாய்க்கு இதை யார் விளக்குவது? விசாரணை நடந்துகொண்டிருந்த 2013இல் வடமேற்கு போஸ்னியாவின் பிரியெதோர் அருகே தொமாஷிட்சாவில் 400க்கும் மேற்பட்டவர்களின் உடல்களோடு பெரிய புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சான்றுக்காக, வாதம் முடித்திருந்த வழக்குத் தொடுநர்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது.

தீர்ப்பில் 11 குற்றச்சாட்டுகளில் 10 நிரூபணமாயின. விடுபட்ட ஒன்று முக்கியமானது. 1992இல் பிரியெதோர் போன்ற ஊர்களில் நடந்ததும் இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டு அது. கொலைகளும் முகாம்களும் வன்புணர்வுகளும் நடந்ததை நீதிபதிகள் மறுக்கவில்லை. மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக அவற்றுக்குத் தண்டனையும் தந்தார்கள். ஆனால் இனப்படுகொலை என்ற பெயருக்கு, ஒரு மக்கள் கூட்டத்தை முழுதாகவோ அதன் கணிசமான பகுதியையோ அழிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். அந்த ஊர்களில் அழிக்க முனைந்த பகுதி போதிய அளவு கணிசமானதாக இல்லை என்றார்கள். 2021 ஜூன் 8இல் மேல்முறையீட்டிலும் இதுவே நிலைத்தது. அந்த அமர்வின் தலைமை நீதிபதி, சாம்பியாவைச் சேர்ந்த ப்ரிஸ்கா மதிம்பா நியாம்பே, பெரும்பாலான விஷயங்களில் மற்ற நால்வரோடு மாறுபட்டு எழுதினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாத் தளபதிகளுக்கும் இப்படி முடிந்ததில்லை. குரோவேசியாவின் ஆன்டே கோட்டோவினா 24 ஆண்டு தண்டனை பெற்று, 2012இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலையானார். எறிகணை இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்தால் சட்டவிரோதம் என்று கீழமர்வு வைத்த அளவுகோலுக்கு ஆதாரமே இல்லை என்றது மேலமர்வு. யூகோஸ்லாவிய ராணுவத் தலைமைத் தளபதி மொம்சிலோ பெரிசிச் ம்லாடிச் படைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பியவர். 27 ஆண்டு தண்டனை 2013இல் ரத்தானது, உதவி குறிப்பாகக் குற்றத்தை நோக்கியதாக இருந்தது என்று காட்டப்படவில்லை என்ற காரணத்தால். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் காங்கோவின் ஜான்-பியெர் பெம்பா, ஆற்றுக்கு அப்பால் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் தன் படை செய்த கொலை, வன்புணர்வுகளுக்காக 18 ஆண்டு பெற்றார். 2018இல் அவரும் விடுதலையானார். வெளிநாட்டில் இருக்கும் படையை எட்ட இருந்துகொண்டு அவர் எந்த அளவு விசாரித்துத் தண்டித்திருக்க முடியும் என்பதைக் கீழமர்வு சரியாக எடைபோடவில்லை என்றார்கள். இவற்றில் பெரிசிச் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயுதம் எதற்குப் பயன்படுகிறது என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது, தொடர்ந்து அனுப்பியவரின் நோக்கத்துக்குத் தனிச்சீட்டு கேட்பது நியாயமாகப் படவில்லை. அதே நேரம், யமாஷிதாவை நினைத்தால், விடுதலைக்கும் இடமுள்ள நீதிமன்றம்தான் தண்டனைக்கும் மதிப்புத் தர முடியும் என்பதும் தெரிகிறது.

தமிழில் இதைப் படிப்பவர் மனத்தில் முள்ளிவாய்க்கால் வராமல் இருக்காது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. ஆகவே அந்த நீதிமன்றம் அங்கே நடந்ததை விசாரிக்கப் பாதுகாப்பு அவை அனுப்ப வேண்டும், அது நடக்கவில்லை. 2015இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை பரிந்துரைத்த, உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்த கலப்பு நீதிமன்றமும் அமையவில்லை. 2025 மார்ச்சில் பிரிட்டன் சில முன்னாள் தளபதிகள்மீதும் கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன்மீதும் தடை விதித்தது. தடை என்பது தீர்ப்பு அல்ல. ஆனால் 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை ஐ.நா. அலுவலகத்திடம் கொடுத்ததைச் சிறிதாக நினைக்க வேண்டாம். ம்லாடிச்சை 16 ஆண்டுகள் யாரும் பிடிக்கவில்லை, அவர் வந்து நின்றபோது டீசல் சீட்டு பத்திரமாக இருந்தது.

ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்டவர்களை ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று போட்டோச்சாரி நினைவிடத்தில் அடக்கம் செய்கிறார்கள். இதுவரை 6,700க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். பல சவப்பெட்டிகளில் முழு எலும்புக்கூடு இல்லை. எந்திரம் வாரிச் சிதறடித்ததில் ஒருவரின் தொடை எலும்பு ஒரு குழியிலும் விலா இன்னொரு குழியிலும் கிடைக்க, இடையில் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மரபணுப் பரிசோதனையில் இன்னும் ஓர் எலும்பு பொருந்தும்போதெல்லாம் குடும்பத்துக்குத் தகவல் வருகிறது. அடக்கம் செய்த கல்லறையை மறுபடி திறந்து அதைச் சேர்ப்பதா, வேண்டாமா என்று தாய்மார்கள் முடிவு செய்ய வேண்டும். திறக்கச் சொல்பவர்கள் உண்டு. இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு.